இறக்குமதிச் சரக்குக்குக் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. கணக்கில் ஏறவில்லையா? அறிகுறி வாரியாகப் பார்ப்போம்

பாரிமுனைப் பக்கம் சின்ன இறக்குமதியாளர்களுக்குக் கணக்குப் பார்க்கிறேன். பிளாஸ்டிக் சாமான், எல்.இ.டி. விளக்கு, சமையலறைப் பொருள், தையல் மெஷின் பாகங்கள் என்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்து அப்படியே விற்பவர்கள். வருடத்துக்கு மூன்று நான்கு கன்டெய்னர் எடுப்பார்கள். முழு கன்டெய்னருக்குச் சரக்கு இல்லாதவர்கள் இன்னொருவரோடு இடம் பகிர்ந்து கொள்வார்கள். இவர்களுக்கு ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கும் மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கும் உள்ள ஜி.எஸ்.டி.) என்பது பெரிய பணம். துறைமுகத்தில் மொத்தமாகக் கட்டிவிட்டு, விற்கும்போது வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ள வேண்டும். இப்படிக் கழிக்கும் தொகைதான் கிரெடிட். அது ஒரு மாதம் தள்ளிப்போனாலே அடுத்த கன்டெய்னருக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியாமல் போய்விடும்.

திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், காசும் அலைச்சலும் ஆகிற வழி கடைசியில்.

## தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

'அவுட் ஆஃப் சார்ஜ்' ஆன பிறகு, அதாவது சுங்கத் துறை சரக்கை விடுவித்த பிறகு, கிடைக்கும் பில் ஆஃப் என்ட்ரியின் (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி அறிவிப்பு) இறுதிப் பிரதி வேண்டும். கஸ்டம்ஸ் புரோக்கர் சரிபார்க்கச் சொல்லி முன்பே அனுப்பும் செக்லிஸ்ட் (வரைவு) இதற்கு உதவாது. வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான போட்டோவும் வேண்டாம், பி.டி.எஃப். கேட்டு வாங்குங்கள். கூடவே டூட்டி கட்டிய செலான், சப்ளையர் இன்வாய்ஸ், கப்பல் கூலி பில், அந்த மாதத்து 2பி (எடுக்கக்கூடிய கிரெடிட்டை ஜி.எஸ்.டி. தளம் காட்டும் பட்டியல்), தாக்கல் செய்த 3பி (மாதாந்திர வரிக் கணக்கு).

பில் ஆஃப் என்ட்ரியில் நான்கு இடங்களைப் பேனாவால் வட்டமிடுங்கள்: எண், தேதி, துறைமுகக் குறியீடு, ஜி.எஸ்.டி. எண். பாதிப் பிரச்சினை இந்த நான்குக்குள்ளேயே கிடக்கும்.

## அறிகுறி 1: வரி கட்டியாகிவிட்டது, 2பி-யில் காணோம்

எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம் இதுதான். பதற்றப்பட்டு யாருக்கும் பணம் கொடுக்காமல், வரிசையாகப் பாருங்கள்.

### அவுட் ஆஃப் சார்ஜ் எந்த மாதம்?

டூட்டி கட்டிய தேதியை வைத்து 2பி-யைத் தேடுகிறார்கள். சரக்கு விடுவிக்கப்பட்ட தேதியைப் பாருங்கள். 28-ஆம் தேதி டூட்டி கட்டி, பரிசோதனைக்கு நின்று, அடுத்த மாதம் 3-ஆம் தேதி அவுட் ஆஃப் சார்ஜ் ஆனால் பதிவு அடுத்த மாதத்து 2பி-யில்தான் வரும். 2பி ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி உருவாகும். அதற்கு முன் தேடிப் பயனில்லை.

→ அடுத்த மாதத்தில் இருக்கிறது என்றால் சிக்கலே இல்லை. அந்த மாதத்து 3பி-யில் எடுங்கள்.

→ அங்கும் இல்லை என்றால் கீழே தொடருங்கள்.

### சரியான அட்டவணையில் பார்க்கிறீர்களா?

உள்நாட்டு பில்கள் வரும் பட்டியலில் இது வராது. 2பி-யில் இறக்குமதிக்கென்று தனி வரிசைகள் உண்டு. ஒன்று வெளிநாட்டிலிருந்து நேரே வந்தது, இன்னொன்று சிறப்புப் பொருளாதார மண்டலத்திலிருந்து பில் ஆஃப் என்ட்ரி போட்டு வாங்கியது. எக்செல்லாக இறக்கினால் இவை பின்னால் உள்ள தாள்களில் இருக்கும். முதல் தாளோடு மூடிவிட்டு 'வரவில்லை' என்று சொன்னவர்கள் நிறைய.

2025 அக்டோபர் வரிக்காலத்திலிருந்து ஐ.எம்.எஸ். பக்கத்திலும் (ஜி.எஸ்.டி. தளத்தில் வந்த பில்களை ஏற்கும் அல்லது மறுக்கும் இடம்) இறக்குமதிப் பதிவுகள் வருகின்றன. ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. நீங்களோ உங்கள் கணக்காளரோ அங்கே கைதவறி எதையாவது அழுத்தியிருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள்.

### போர்ட்டலே இழுத்து வரட்டும்

ஜி.எஸ்.டி. தளத்தில் உள்ளே நுழைந்து 'சர்வீசஸ்', அதில் 'யூசர் சர்வீசஸ்', அதில் 'சர்ச் பி.ஓ.இ.'. துறைமுகக் குறியீடு, பில் ஆஃப் என்ட்ரி எண், அதன் தேதி, ரெஃபரன்ஸ் தேதி ஆகியவற்றைக் கொடுத்தால், சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்திலிருந்து பதிவைக் கேட்டு வாங்கும். அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் பாருங்கள்.

'பதிவு இல்லை' என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். பெரும்பாலும் நாம் கொடுத்த விவரம்தான் தப்பு. ரெஃபரன்ஸ் தேதி என்பது அவுட் ஆஃப் சார்ஜ் தேதி, டூட்டி கட்டிய தேதி, திருத்தம் செய்த தேதி ஆகியவற்றில் எது கடைசியோ அது. துறைமுகக் குறியீட்டில் சென்னைக் கடல் துறைமுகம் ஐஎன்எம்ஏஏ1, சென்னை விமானச் சரக்ககம் ஐஎன்எம்ஏஏ4. கடைசி இலக்கம் மாறினால் இல்லாத பதிவைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள். தூத்துக்குடி என்றால் ஐஎன்டியூடி1 (INTUT1). சென்னைச் சரக்கு என்று பேச்சில் சொன்னாலும் கப்பல் காட்டுப்பள்ளியிலோ எண்ணூரிலோ இறக்கியிருக்கலாம். அவற்றுக்குக் குறியீடு வேறு. வாய்ப்பேச்சை நம்பாமல் பில் ஆஃப் என்ட்ரியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அடியுங்கள்.

→ பதிவு வந்தது, 2பி-யில் மட்டும் ஏறவில்லை என்றால் போர்ட்டலின் உதவிப் பக்கத்தில் புகார் டிக்கெட் போடுங்கள். பில் ஆஃப் என்ட்ரி பி.டி.எஃப்., தேடலில் வந்த விடையின் ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் இணையுங்கள். டிக்கெட் எண்ணை எழுதி வையுங்கள். பின்னால் நோட்டீஸ் வந்தால் நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

→ பதிவு வந்தது, ஆனால் அதில் ஜி.எஸ்.டி. எண் உங்களுடையது இல்லை என்றால் அடுத்தது உங்களுக்குத்தான்.

### பில் ஆஃப் என்ட்ரியில் தப்பான ஜி.எஸ்.டி. எண்

இங்கேதான் உண்மையான சேதம் நடக்கிறது. தூத்துக்குடியிலிருந்து வந்து சென்னையில் கடை போட்ட அண்ணாச்சி ஒருவர். கடைக்கு 33-இல் தொடங்கும் தமிழ்நாட்டு எண். பிறகு பெங்களூருவில் குடோன் எடுத்து 29-இல் தொடங்கும் கர்நாடக எண்ணும் வாங்கினார். ஒருமுறை பெங்களூருக்குச் சரக்கு போனது. அதற்கடுத்த கன்டெய்னர் சென்னைக்கு வந்தபோது, புரோக்கர் அலுவலகத்தில் பழைய ஃபைலைத் திறந்து அதே எண்ணைப் போட்டுவிட்டார்கள். செக்லிஸ்ட் வந்தது. அண்ணாச்சி தொகையை மட்டும் பார்த்து 'ஓகே' என்று பதில் அனுப்பிவிட்டார். கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. முழுக்கக் கர்நாடகக் கணக்கில் போய் உட்கார்ந்தது. சரக்கு இருப்பதும் விற்பதும் வரி கட்ட வேண்டியதும் சென்னையில்.

'பெங்களூரிலிருந்து சென்னைக்கு ஒரு பில் போட்டுவிடலாமே தம்பி' என்று கேட்டார். கூடாது அண்ணாச்சி என்றேன். சரக்கு நகராமல் பில் மட்டும் நகர்ந்தால் அது போலி பில். ஒரு சின்ன தப்பைச் சரி செய்யப் போய்ப் பெரிய குற்றத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சரியான வழி, சுங்கச் சட்டம் 149-ஆம் பிரிவின்கீழ் பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்தக் கேட்பது. சரக்கு வெளியே வந்த பிறகும் கேட்கலாம். ஆனால் சரக்கு விடுவிக்கப்பட்ட சமயத்திலேயே இருந்த ஆவணங்களைக் கொண்டு உங்கள் பக்கத்தை நிரூபிக்க வேண்டும். சப்ளையர் இன்வாய்ஸில், பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) சென்னை முகவரி இருந்தால் வேலை சுலபம். அதனால்தான் ஆர்டர் போடும்போதே இன்வாய்ஸில் சரியான முகவரியும் ஜி.எஸ்.டி. எண்ணும் போடச் சொல்லுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். எழுத்துப் பிழை மட்டும் என்றால் 154-ஆம் பிரிவும் இருக்கிறது.

திருத்தத்துக்கு அரசுக்குக் கட்டும் தொகை சிறியது. அலைச்சலும் காலமும்தான் பெரிது. தப்பு புரோக்கருடையது என்றால் அவர் கட்டணம் கேட்காமல் செய்து தர வேண்டும். அதைக் கேட்கத் தயங்காதீர்கள். திருத்தம் ஆனதும் மறுபடி 'சர்ச் பி.ஓ.இ.'-யில் போய், திருத்திய தேதியை ரெஃபரன்ஸ் தேதியாகக் கொடுங்கள். மற்ற மாநிலத்துக் கணக்கில் அந்தக் கிரெடிட்டை ஏற்கெனவே எடுத்திருந்தால் அதையும் திருப்ப வேண்டும்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: திருத்த மனு நிராகரிக்கப்பட்டால், அல்லது நவம்பர் 30 நெருங்கிவிட்டால். ஒரு நிதியாண்டின் கிரெடிட்டை அடுத்த நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியோ அதற்குள் எடுக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16(4)-ஆம் பிரிவு. அந்தப் பிரிவு இன்வாய்ஸைத்தானே சொல்கிறது, பில் ஆஃப் என்ட்ரிக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். சின்னக் கடைக்காரர் அந்த வாதத்தை நம்பித் தேதியைத் தாண்ட வேண்டாம்.

## அறிகுறி 2: கூரியரில் வந்த சரக்கு, வரி கட்டினேன், கிரெடிட் எங்கும் இல்லை

சாம்பிள் பார்த்துவிட்டு 20, 30 கிலோ விமானத்தில் வரவழைப்பவர்களுக்கு வருவது இது. கூரியர் நிறுவனமே பில் ஆஃப் என்ட்ரி போட்டு, டூட்டியும் கட்டி, பிறகு உங்களிடம் வசூலிக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, எந்த ஆவணத்தில் அவர்களுக்கு கே.ஒய்.சி. கொடுத்தீர்கள்? ஆதார் கொடுத்திருந்தால் சரக்கு உங்கள் பெயரில் தனிநபராக வந்திருக்கும். பில் ஆஃப் என்ட்ரியில் ஜி.எஸ்.டி. எண் இருக்காது, கிரெடிட் இல்லை. விற்பதற்கான சரக்கைச் சொந்த உபயோகம் என்றோ பரிசு என்றோ காட்டுவது பொய் அறிவிப்பு. அதில் போனது கிரெடிட் மட்டும்தான் என்றால் தப்பித்தீர்கள்.

ஜி.எஸ்.டி. எண் கொடுத்திருந்தால், கூரியர் நிறுவனத்தின் பில்லை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அந்த பில்லில் இரண்டு வேறு வேறு வரிகள் கலந்து கிடக்கும். ஒன்று, அவர்கள் உங்களுக்காகக் கட்டிய சுங்க வரியும் ஐ.ஜி.எஸ்.டி.-யும். இன்னொன்று, அவர்களுடைய சேவைக் கட்டணத்துக்கான 18% ஜி.எஸ்.டி. இரண்டாவதற்கு அந்த பில் போதும். முதலாவதற்குக் கூரியர் பில் ஆஃப் என்ட்ரிப் பிரதிதான் ஆதாரம், மத்திய ஜி.எஸ்.டி. விதி 36 அதைத்தான் கேட்கிறது. கேட்டால்தான் தருவார்கள். வாடிக்கையாளர் சேவைக்கு ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

2020-இல் இறக்குமதிப் பதிவுகள் 2ஏ-விலும் (2பி போன்ற இன்னொரு பட்டியல்) 2பி-யிலும் வரத் தொடங்கியபோதே, கூரியரிலும் தபாலிலும் வருபவை அதில் சேராது என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். அதனால் கூரியர் சரக்குக்கு 2பி-யை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பிரதியைக் கையில் வாங்கி, 'சர்ச் பி.ஓ.இ.'-யிலும் ஒருமுறை தேடி, வராவிட்டால் டிக்கெட் போட்டு, அதன் பிறகு ஆடிட்டரிடம் காட்டி எடுங்கள். பிரதி இல்லாமல் எடுக்கவே எடுக்காதீர்கள்.

## அறிகுறி 3: கணக்குப் போட்டதைவிட வரி அதிகமாக வந்துவிட்டது

'இன்வாய்ஸில் 5 லட்சம், 18% என்றால் 90,000 தானே?' என்று கேட்பார்கள். ஐ.ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ் தொகை மேல் போடுவதில்லை. கூலி, காப்பீடு சேர்த்த மதிப்பு, அதன் மேல் அடிப்படைச் சுங்க வரி, அந்தச் சுங்க வரியில் 10% சமூக நல சர்சார்ஜ், எல்லாம் சேர்ந்த தொகை மேல்தான் போடுவார்கள். இது பிழை இல்லை. பிழை இருக்கக்கூடிய இடங்கள் வேறு.

### கப்பல் கூலிக்கு ஆதாரம் கொடுத்தீர்களா?

கூலி எவ்வளவு என்று தெரியாவிட்டால் எஃப்.ஓ.பி. மதிப்பில் (கூலியும் காப்பீடும் சேராத சரக்கு விலை) 20% என்று வைத்துக்கொள்வார்கள். காப்பீடு தெரியாவிட்டால் 1.125%. உண்மைக் கூலி அதைவிடக் குறைவாக இருந்தும் பில்லைப் புரோக்கரிடம் கொடுக்காமல் விட்டவர்கள் ஏராளம்.

5 லட்ச ரூபாய் சரக்கு, சுங்க வரி 10%, ஐ.ஜி.எஸ்.டி. 18% என்று வைத்துக்கொள்வோம். உண்மைக் கூலி 40,000. காப்பீடு 5,625. மதிப்பு 5,45,625. சுங்க வரியும் சர்சார்ஜும் 60,018.75, ஐ.ஜி.எஸ்.டி. சுமார் 1,09,016. இதே சரக்குக்குக் கூலி ஆதாரம் இல்லாமல் 20%, அதாவது ஒரு லட்சம் போட்டால் மதிப்பு 6,05,625. சுங்க வரியும் சர்சார்ஜும் 66,618.75, ஐ.ஜி.எஸ்.டி. சுமார் 1,21,004.

கூடுதலாகப் போனது 18,588 ரூபாய். அதில் ஐ.ஜி.எஸ்.டி. 11,988 பின்னால் கிரெடிட்டாகத் திரும்பி வரும். சுங்க வரிப் பக்கத்து 6,600 போனது போனதுதான். ஒரு காகிதத்தைக் கொடுக்காமல் விட்டதற்கு இவ்வளவு.

விமானத்தில் வந்தது என்றால் இன்னொன்றையும் பாருங்கள். உண்மையான விமானக் கூலி எவ்வளவு ஆனாலும், மதிப்பில் சேர்க்க வேண்டியது எஃப்.ஓ.பி.-யில் 20%-க்கு மேல் போகக் கூடாது. எடை அதிகம், விலை குறைவு என்ற சரக்கில் இந்த உச்சவரம்பு பெரிய பணத்தைக் காப்பாற்றும்.

### எச்.எஸ்.என். குறியீடு, விகிதம்

செக்லிஸ்டில் இருக்கும் எட்டு இலக்கப் பொருள் வகைக் குறியீட்டை, நீங்கள் உள்ளூரில் பில் போடும் குறியீட்டோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் எங்கோ ஒரு பக்கம் தப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களின் ஜி.எஸ்.டி. விகிதம் மாறியது, 12%, 28% அடுக்குகளில் இருந்தவை பெரும்பாலும் 5%-க்கும் 18%-க்கும் போய்விட்டன. பழைய கன்டெய்னரின் விகிதத்தை நகலெடுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

### தாமதச் செலவு வரியில் கலந்திருக்கிறதா?

பில் ஆஃப் என்ட்ரியைத் தாமதமாகப் போட்டால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000. டூட்டியைத் தாமதமாகக் கட்டினால் ஆண்டுக்கு 15% வட்டி. இவற்றுக்குக் கிரெடிட் கிடையாது. செலானில் இவை தனி வரிகளாக இருக்கும், ஐ.ஜி.எஸ்.டி.-யோடு கூட்டிவிடாதீர்கள்.

### மதிப்பையே ஏற்றிவிட்டார்கள்

அதிகாரி உங்கள் இன்வாய்ஸ் விலையை நம்பாமல், அதே பொருளை மற்றவர் இறக்கிய விலையை வைத்து மதிப்பைக் கூட்டலாம். டெமரேஜ் (சரக்கு எடுக்கத் தாமதமானால் ஏறும் கட்டணம்) ஏறுகிறதே என்ற பயத்தில் பலர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஒப்புக்கொண்ட பிறகு பேச இடம் குறைவு. விலை உண்மையானது, வங்கி வழியாகப் பணம் அனுப்பிய ஆதாரமும் இருக்கிறது என்றால், கையெழுத்துப் போடும் முன்பே சுங்க வழக்கு தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நீங்களாகச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம்.

## அறிகுறி 4: பணம் வங்கியில் போய்விட்டது, டூட்டி கட்டாததாகவே காட்டுகிறது

முதல் விதி: மறுபடி கட்டாதீர்கள். ஐஸ்கேட்டில் பணப் பரிவர்த்தனையின் நிலையைப் பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் மின்னணுப் பணக் கணக்கு வழியாகவும் கட்டுவதால், பணம் அந்தக் கணக்கில் வந்து நின்று, செலானுக்கு மட்டும் போகாமல் இருக்கலாம். அப்படியிருந்தால் அங்கிருந்தே கட்டிவிடலாம். அங்கும் இல்லை, வங்கிக்கும் திரும்பவில்லை என்றால், வங்கியின் பரிவர்த்தனை எண்ணோடு அன்றே வங்கிக்கும் ஐஸ்கேட் உதவி மையத்துக்கும் எழுதுங்கள். அன்றே என்று சொல்வது, வட்டிப் பேச்சு வரும்போது தேதி பேசும் என்பதற்காக.

## அறிகுறி 5: பில் ஆஃப் என்ட்ரியே போட முடியவில்லை என்கிறார் புரோக்கர்

பெரும்பாலும் ஐ.இ.சி. (இறக்குமதி, ஏற்றுமதிக்கான பதிவு எண்) செயலிழந்திருக்கும். அந்த எண்ணை ஒவ்வொரு வருடமும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் போய் உறுதிப்படுத்த வேண்டும். முகவரி எதுவும் மாறாவிட்டாலும் 'மாற்றம் இல்லை' என்று சொல்லியாக வேண்டும். விட்டிருந்தால் இப்போதே புதுப்பியுங்கள். இதற்கு ஏஜென்ட் தேவையில்லை. தளத்தில் நீங்களே செய்துவிடலாம்.

## அறிகுறி 6: 2பி-யில் வந்தது, 3பி-யில் தொகை ஒத்துப்போகவில்லை

மூன்று இடத்தில் மட்டும் தேடுங்கள்.

டூட்டி முழுவதையும் கிரெடிட் எடுத்தீர்களா? மேலே சொன்ன கணக்கில், கூலி ஆதாரம் கொடுத்த நிலையில், எடுக்கக்கூடியது 1,09,016 மட்டும். சுங்க வரியும் சர்சார்ஜும் சரக்கின் அடக்க விலையில் சேரும். செலான் மொத்தத்தைப் பார்த்து எழுதும் கணக்காளர்கள் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். எடுத்து உபயோகித்தும் விட்டால் 18% வட்டியோடு திருப்ப வேண்டும். இன்றே கண்டுபிடித்தால் அடுத்த 3பி-யில் திருப்பிவிடுங்கள்.

சரியான வரியில் போட்டீர்களா? இறக்குமதிச் சரக்குக்கு 3பி-யில் 4(ஏ)(1). பலர் உள்நாட்டுப் பில்களோடு சேர்த்து 4(ஏ)(5)-இல் போட்டுவிடுவார்கள். மொத்தம் சரியாக இருக்கும், ஆனால் ஆண்டுக் கணக்கில் இறக்குமதிக்கென்று இருக்கும் கட்டங்கள் பொருந்தாமல் போய், அங்கிருந்து கேள்வி கிளம்பும்.

ரிவர்ஸ் சார்ஜில் (வாங்குபவரே நேரடியாக வரி கட்டும் முறை) இன்னொரு முறையும் கட்டிவிட்டீர்களா? துறைமுகத்தில் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி.-யை 3பி-யில் அதற்கான 3.1(டி) வரியில் போட வேண்டியதில்லை. போட்டால் இரண்டாவது முறை ரொக்கமாகக் கட்டுகிறீர்கள். அதேபோல, சி.ஐ.எஃப். விலையில் (கூலியும் காப்பீடும் சேர்ந்த விலை) வாங்கிய சரக்கின் கடல் கூலிக்குத் தனியாக ஐ.ஜி.எஸ்.டி. கேட்கக் கூடாது என்று 2022 மே 19-ஆம் தேதி மோஹித் மினரல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய பழக்கத்தில் இன்னும் கட்டிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. கன்டெய்னர் யார்டு பில்லும் கப்பல் நிறுவனத்தின் டெலிவரி ஆர்டர் பில்லும் யார் பெயரில் இருக்கின்றன? புரோக்கர் பெயரில் வாங்கி 'செலவு' என்று உங்களிடம் வசூலித்தால், அதிலுள்ள ஜி.எஸ்.டி. உங்களுக்கு வராது. உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் கேட்கச் சொல்லுங்கள். ஒரு கன்டெய்னருக்கு இது சில ஆயிரங்கள். ஆனால் ஒவ்வொரு கன்டெய்னருக்கும்.

## அறிகுறி 7: கிரெடிட் இருந்தும் பணமாகக் கட்டச் சொல்கிறது

இறக்குமதி கிரெடிட் முழுக்க ஐ.ஜி.எஸ்.டி. கணக்கில் இருக்கும். நீங்கள் விற்பதோ உள்ளூரில், சி.ஜி.எஸ்.டி. (மத்திய அரசின் பங்கு), எஸ்.ஜி.எஸ்.டி. (மாநில அரசின் பங்கு) கட்ட வேண்டும். ஐ.ஜி.எஸ்.டி. கிரெடிட்டை முதலில் ஐ.ஜி.எஸ்.டி. பாக்கிக்குத் தீர்த்துவிட்டு, மிச்சத்தை மற்ற இரண்டுக்கும் எந்த விகிதத்தில் வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். 3பி-யின் கட்டணப் பக்கத்தில் போர்ட்டல் தானாகப் பிரித்துக் காட்டும் எண்களை அப்படியே விடாமல் கையால் மாற்றிப் பாருங்கள். ஐ.ஜி.எஸ்.டி.-யை சி.ஜி.எஸ்.டி. பக்கம் முழுக்கக் கொட்டிவிட்டு, எஸ்.ஜி.எஸ்.டி.-க்கு ரொக்கம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சி.ஜி.எஸ்.டி. கிரெடிட் கையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எஸ்.ஜி.எஸ்.டி.-க்குக் கழிக்க முடியாது என்பதால்தான் ஐ.ஜி.எஸ்.டி.-யை எங்கே செலவழிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

## அறிகுறி 8: காம்போசிஷனில் இருக்கிறேன், கிரெடிட் வரவே இல்லை

வராது. காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இருப்பவர் இறக்குமதி செய்யலாம், ஐ.ஜி.எஸ்.டி. கட்டலாம், ஆனால் கழிக்க முடியாது. விற்பனையில் 1% மட்டும்தானே என்று நினைத்து, துறைமுகத்தில் 18% கட்டி அதை விலையில் ஏற்றும்போது, பக்கத்துக் கடையோடு போட்டி போட முடியாது. தொடர்ந்து இறக்குமதி செய்யப் போகிறீர்கள் என்றால் வழக்கமான பதிவுக்கு மாறுவது பற்றி யோசியுங்கள்.

மாறும்போது ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாமல் தவறவிடுகிறார்கள். மாறும் நாளுக்கு முந்தைய நாள் கையிருப்பில் இருக்கும் சரக்குக்கு, அதன் பில் ஆஃப் என்ட்ரி ஓராண்டுக்குள் போட்டதாக இருந்தால், கட்டிய வரியைக் கிரெடிட்டாகக் கேட்கலாம். படிவம் ஐ.டி.சி.-01, முப்பது நாளுக்குள். அதற்கு அந்த நாளின் சரக்குப் பட்டியல் பில் ஆஃப் என்ட்ரி வாரியாக வேண்டும். மாறிய பிறகு எண்ண ஆரம்பித்தால் முடியாது. முந்தைய வாரமே குடோனில் இறங்கி எண்ணுங்கள்.

## அறிகுறி 9: நோட்டீஸ் வந்துவிட்டது

எந்த நோட்டீஸ் என்று முதலில் பாருங்கள்.

டி.ஆர்.சி.-01சி: 2பி-யைவிட 3பி-யில் அதிக கிரெடிட் எடுத்திருக்கிறீர்கள் என்று கணினி அனுப்புவது. ஏழு நாள்தான். பதில் போடாவிட்டால் அடுத்த ஜி.எஸ்.டி.ஆர்.-1 (விற்பனைப் பில்களின் கணக்கு) தாக்கல் செய்ய முடியாமல் நின்றுவிடும். பெரிய கடைகள் உங்களிடம் வாங்குவதை நிறுத்த அது ஒன்றே போதும். பில் ஆஃப் என்ட்ரி கையில் இருக்கிறது, 2பி-யில்தான் வரவில்லை என்றால் நீங்களே பதில் போடலாம். எண், தேதி, துறைமுகக் குறியீடு, ஐ.ஜி.எஸ்.டி. தொகை, டிக்கெட் எண் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதுங்கள். அதிகம் எடுத்தது உண்மை என்றால் டி.ஆர்.சி.-03-இல் (நாமாக முன்வந்து வரி கட்டும் படிவம்) கட்டிவிட்டு அதையே பதிலாகக் கொடுங்கள்.

ஏ.எஸ்.எம்.டி.-10: அதிகாரி உங்கள் கணக்கைப் பார்த்து விளக்கம் கேட்பது. வழக்கமாக முப்பது நாள். பெரும்பாலும் 4(ஏ)(1) தொகையும் சுங்கத் தரவும் ஒத்துப்போகாததுதான் கேள்வியாக இருக்கும். வருடம் முழுவதற்குமான பில் ஆஃப் என்ட்ரிப் பட்டியல் ஒன்று, எந்த மாதத்து 3பி-யில் எடுத்தீர்கள் என்ற நெடுவரிசையோடு தயாரித்தால் பாதி பதில் தயார். அதை எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போங்கள். வெறுங்கையோடு போனால் அந்தப் பட்டியலைப் போடவே அவர் தனியாகக் கட்டணம் கேட்பார்.

டி.ஆர்.சி.-01: இது கேள்வி அல்ல, வரி கேட்கும் நோட்டீஸ். நீங்களாகப் பதில் எழுத வேண்டாம். அன்றே ஆள் பாருங்கள்.

சுங்கத் துறையிலிருந்து கூடுதல் வரி கேட்டு வந்தால்: கட்டத் தயாராக இருந்தாலும், வெறும் செலானில் கட்டிவிட்டு வராதீர்கள். கிரெடிட்டுக்கு ஆதாரமாக விதி 36 ஏற்பது பில் ஆஃப் என்ட்ரியையும் சுங்கச் சட்டத்தில் அதுபோன்ற ஆவணத்தையும்தான். பில் ஆஃப் என்ட்ரியை மறுமதிப்பீடு செய்து, அதன் வழியாகக் கட்ட அனுமதி கேளுங்கள். மோசடி, வேண்டுமென்று மறைத்தல் என்று முடிவாகி உத்தரவு வந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும். அந்த வார்த்தைகள் நோட்டீஸில் எங்காவது இருக்கின்றனவா என்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடுங்கள். இருந்தால், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பதில் போடும் முன் சுங்க வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.